பழைய டார்ச்சை ‘எல்இடி ஆக்கித் தருகிறோம்’ என்பவர்களிடம் ஜாக்கிரதை

பழைய டார்ச்சை எல்இடியாக மாற்றித் தரும் கடையில் உங்கள் டார்ச்சைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குத் திரும்பி வந்த பொருள் வீட்டையே கொளுத்திவிடக்கூடிய நிலையில் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கொடுத்தது இரண்டு பெரிய பேட்டரி போடும் அலுமினிய டார்ச். மரை கொஞ்சமும் தேயவில்லை, ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. வெளிச்சம்தான் குறைவு. அது டார்ச்சின் கோளாறு இல்லை. அந்தக் காலத்து இரண்டு பேட்டரி டார்ச் பல்பு 2.4 வோல்ட், அரை ஆம்பியர் கணக்கு. பத்து லூமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) வந்தாலே பெரிது. கடைக்காரர் பார்த்த உடனே, “புதுசு எதுக்கு சார்? இந்த மாதிரி பாடி இப்ப வர்றதே இல்ல. உள்ளே மட்டும் மாத்திடலாம், ஆயிரம் லூமன் வரும்” என்றார். பாடியைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மற்றது எதுவும் உண்மை இல்லை.

கைக்கு வந்த முதல் இரவு நல்ல வெளிச்சம்தான். சில நிமிடத்திலேயே மங்க ஆரம்பித்தது. அதோடு ஒளிவட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தலையைக் கழற்றிப் பார்த்தேன். ரிஃப்ளெக்டரின் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கி, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக விட்டிருந்தார்கள். அதன் அடியில் எல்இடி பொருத்திய சிறு தகடு, வெறும் பசையில் ஒட்டியிருந்தது. பசை சூட்டில் இளகி, எல்இடி சரிந்துவிட்டது. பழைய பல்பின் சூட்டில் பெரும்பகுதி ஒளியோடு முன்பக்கமாகவே வெளியேறிவிடும். எல்இடி அப்படி இல்லை, அதன் சூடு பின்பக்கத் தகட்டில் இறங்கும். அந்தத் தகடு டார்ச்சின் உலோக உடம்போடு அழுந்தத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் சூடு வெளியே போகும். இங்கே தகடு உடம்பில் எங்கேயும் படவே இல்லை.

டிரைவர், அதாவது எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட், என்று ஒன்றும் இல்லை. அவர்கள் போட்டிருந்த லித்தியம் செல்லில் இருந்து இரண்டு ஒயர் நேராக எல்இடிக்கு. வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். முழுதாக சார்ஜ் ஏறிய லித்தியம் செல் தருவது 4.2. இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாவிட்டால் எல்இடி கருகாமல் என்ன செய்யும்?

இதை எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் போட்டிருந்த செல்லையும் சார்ஜரையும் பொறுக்கவே முடியாது. 18650 செல், பெயர் சொல்வதுபோல 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். மேலே ‘9900 எம்ஏஎச்’ என்று அச்சடித்திருந்தது, செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு அது. நல்ல தயாரிப்பாளரின் செல்லிலேயே 3500 சுமார்தான் வழக்கமான உச்சம். 9900 என்று எங்கே பார்த்தாலும் அது பொய், யோசிக்கவே வேண்டாம். ஒழுங்கான 18650 செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். இதைச் சமையலறைத் தராசில் வைத்தேன், முப்பதைத் தொடவில்லை. அடுத்து சார்ஜர். பச்சை விளக்கு எரிந்த பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் செல் 4.35 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த வகைச் செல் 4.2-ல் நின்றாக வேண்டும். செல்லுக்குள்ளும் பாதுகாப்பு சர்க்யூட் கிடையாது. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். பழைய பல்பு, ஹோல்டர், ஸ்பிரிங் எதையும் தரவில்லை. “அதெல்லாம் அப்பவே போயிடுச்சு சார்” என்றார்கள். பணமும் இல்லை. அதற்குப் பதில் புது டார்ச் ஒன்றை நீட்டி, மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்தால் போதும் என்றார்கள். பெட்டியில் 10,000 லூமன் என்று போட்டிருந்தது, உள்ளே ஒரே ஒரு 18650. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல செல்லில் இருப்பது 12, 13 வாட்-மணி, அதாவது 12, 13 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. வாட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாகவே வைத்தாலும் 10,000 லூமனுக்கு 67 வாட் வேண்டும். கால் மணி நேரம்கூடத் தாங்காது, அதற்கு முன்பே கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். வாங்காமல் வந்துவிட்டேன்.

பழையதை மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பழைய பல்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்காரும் எல்இடி பல்புகள் கிடைக்கின்றன. வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். பிடிக்காவிட்டால் பழைய பல்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பேட்டரிகளின் வோல்ட் கூட்டுத்தொகை அதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள், சாதா பேட்டரி ஒன்றுக்கு 1.5 வோல்ட். ஒரு குறை உண்டு. பழைய பல்பின் இழை நாலாபக்கமும் ஒளி வீசும், ரிஃப்ளெக்டர் அதை அள்ளித் தூரத்துக்கு அனுப்பும். எல்இடி முன்பக்கம் மட்டுமே வீசுவதால் பக்கத்தில் வெளிச்சம் பரவலாக இருக்கும், தூரத்தில் எடுபடாது. மின்சாரம் போனால் வீட்டுக்குள் நடமாட அது தாராளம். தோட்டத்துக் கடைசி வரை தெரிய வேண்டும் என்பவர்கள் புதிதே வாங்குங்கள்.

புதிதில் பெட்டியின் மேல் ‘ஆன்சி எஃப்எல் 1’ (டார்ச்சுகளை அளப்பதற்கான அமெரிக்க அளவுமுறை) குறியீடு இருக்கிறதா, அதைப் போட்டிருப்பவர் பெயர் தெரிந்த தயாரிப்பாளரா என்று பாருங்கள். அந்த அளவுமுறையில் லூமனை எரிய விட்ட அந்தக் கணமே அளக்க மாட்டார்கள், 30 வினாடி கழித்துத்தான். எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை. லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு, 0.25 என்றால் கிட்டத்தட்ட முழு நிலவின் ஒளி.

இன்னொன்று. பென்சில் பேட்டரி அளவிலேயே 14500 என்ற லித்தியம் செல் வருகிறது. அளவு ஒன்றுதான், ஆனால் 3.7 வோல்ட். “இதைப் போட்டா பிரகாசமா எரியும்” என்று யாராவது கொடுத்தால் பழைய டார்ச்சில் போட்டுவிடாதீர்கள். பல்பு அந்த நிமிடமே போய்விடும்.

மாற்றக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், டிரைவர் உண்டா, எல்இடி தகடு உலோகத்தில் படுகிறதா, சார்ஜர் எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். கழற்றும் பாகங்கள் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

அந்தச் செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிட்டேன். இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள். குப்பைத் தொட்டியிலும் போட்டுவிடாதீர்கள், நசுங்கினால் அங்கேயும் தீப்பிடிக்கும்.