கணினித் துறை சாராதவருக்குப் பைத்தான்: நான்கு வகுப்புகளும் ஒரு கப்பல் பட்டியலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னிடம் பைத்தான் என்ற நிரல்மொழி பற்றிக் கேட்கும் மாணவர்களில் கணினி அறிவியல் படிப்பவர்கள் அநேகமாக இல்லை. நர்சிங், வரலாறு, கணக்கியல், கடல் உயிரியல் என்று ஆளுக்கொரு துறை. எக்செல் தாங்காத அளவுக்கு ஒரு தரவுக் கோப்பு கையில் வந்து சேர்ந்திருக்கும். அல்லது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் "பைத்தான் கற்றுக்கொண்டு வா" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். பள்ளியில் ஐ.டி. பாடம் எடுத்தவர்கள் டெல்பையோ ஜாவாவோ தொட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு நிரல் எழுதுவதே புதிது. "அண்ணா, ஹார்வர்டா, மிச்சிகனா, எது நல்லது?" என்று குதிரைப் பந்தயம் போலக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வகுப்பு எந்த மாதிரித் தரவைக் கையில் கொடுத்துப் பழக்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உரசிப் பார்க்க ஒரு வேலை வேண்டுமல்லவா? டர்பன் இருக்கும் நேட்டாலில் அது கையருகே கிடைக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்போது தொடங்கி 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு: பதிவு எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம். எந்த ஜில்லாவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? இந்தக் கேள்விக்குத் தானே நிரல் எழுதி விடை காணும் நிலைக்கு எந்த வகுப்பு ஒரு மாணவரை விரைவில் கொண்டு சேர்க்கிறது என்பதே என் அளவுகோல். நர்சிங் மாணவிக்கு ஜில்லாவின் இடத்தில் வார்டு வரும், கடல் உயிரியல் மாணவருக்கு மீன் இனம் வரும். கேள்வியின் எலும்புக்கூடு மாறாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் செவரன்ஸ் நடத்தும் 'பைத்தான் ஃபார் எவ்ரிபடி' இந்த அளவுகோலில் முன்னே நிற்கிறது. பாடநூலில் 16 அத்தியாயங்கள். மாறி (மதிப்புக்கு இடும் பெயர்), நிபந்தனை, சார்பு (பெயரிட்ட நிரல்துண்டு), மடக்கு (திரும்பத் திரும்பச் செய்தல்) என்று தொடங்கி 6-ல் சரம் (எழுத்துகளின் கோவை), 7-ல் கோப்பு, 8-ல் பட்டியல், 9-ல் அகராதி (ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மதிப்பை வைக்கும் அமைப்பு). கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் உடைத்து, வேண்டிய சொல்லை எடுத்து, அகராதியில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது 9-ஆம் அத்தியாயப் பயிற்சி. கப்பல் பட்டியல் கேட்பதும் அதையேதான். அங்கே கொடுக்கப்படும் கோப்பு ஒரு மென்பொருள் திட்டக் குழுவின் பழைய மின்னஞ்சல் தொகுப்பு. யார் அதிகக் கடிதம் அனுப்பினார் என்று எண்ணச் சொல்கிறார்கள். அந்தக் கோப்பின் முதல் வரியே கேப் டவுன் பல்கலைக்கழக முகவரி ஒன்றிலிருந்து 2008 ஜனவரி 5, சனிக்கிழமை காலை அனுப்பப்பட்ட கடிதம்! தென்னாப்பிரிக்க மாணவர்களுக்கு அதைக் காட்டினால் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது.

கணிதப் பயம் உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. கூட்டல் கழித்தலுக்கு மேல் அதிகம் கேட்பதில்லை. குறை என்னவென்றால், பயிற்சிகள் எளிதாக இருப்பதால் எல்லாம் புரிந்துவிட்டது என்ற மயக்கம் வரும். காணொளியில் ஆசிரியர் செய்ததைச் சற்று மாற்றினாலே பல பயிற்சிகள் முடிந்துவிடும். வெள்ளைத் திரை முன் தனியாக உட்கார்ந்தால் கை ஓடாது. 11-ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு இணையத் தரவு, தரவுத்தளம் என்று பாதை விரிகிறது. வரலாற்று மாணவருக்கு அது உடனே தேவைப்படாது, அங்கே தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம்.

ஹார்வர்டின் டேவிட் மாலன் 2022-ல் கொண்டுவந்த சிஎஸ்50பி என்ற பைத்தான் அறிமுக வகுப்பு வேறு சுபாவம் கொண்டது. பூஜ்ஜியத்தில் தொடங்கி ஒன்பதில் முடியும் பத்து வாரங்கள். வாரம் மூன்று முதல் ஒன்பது மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். விரிவுரை மேடை நாடகம் போல விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அதன் உண்மையான மதிப்பு வாராந்திரப் பயிற்சிகளில் இருக்கிறது. நீங்கள் எழுதும் நிரலை ஒரு தானியங்கிச் சோதனை உடனே திருத்துகிறது. ஒரு காற்புள்ளி பிசகினாலும் சிவப்புக் கோடு. எரிச்சலாக இருக்கும், ஆனால் பழக்கம் வேரூன்றும். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் விடை கேட்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பதிலாக விடையைச் சொல்லாமல் வழி மட்டும் காட்டும் வாத்து என்று பெயரிட்ட ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அவர்களே வைத்திருக்கிறார்கள். ஜில்லாப் பெயர்களை ஒழுங்குபடுத்தித் தரும்படி இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு வேறு ஊர்கள் ஒன்றாகக் கலந்ததைக் கவனிக்காமல் அட்டவணை போடுவதைவிட இந்தக் கண்டிப்பு நல்லது.

ஆனால் நம் கப்பல் பட்டியல்? அகராதி 2-ஆம் வாரத்திலேயே வந்துவிடுகிறது, கோப்பு வாசிப்புக்கு 6-ஆம் வாரம் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பிழை கையாளுதல், நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்), சோதனை நிரல்கள். நிரலாளராக விரும்புபவருக்கு அந்த வரிசை சரி. ஜூலை விடுமுறை முடிவதற்குள் ஆய்வுக் கட்டுரைக்கு அட்டவணை தேவைப்படும் மாணவிக்கு அது நீண்ட வழி. எடுத்துக்காட்டுகளில் மாயாஜாலப் பள்ளி மாணவர்கள் அடிக்கடி வருகிறார்கள். எனக்கு அது சலிப்பு, பதினெட்டு வயதினருக்குப் பிடிக்கிறது. டிசம்பர், ஜனவரி விடுமுறை முழுவதும் கையில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

எம்.ஐ.டி.யின் அறிமுக வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016 பதிவு 12 விரிவுரைகள். ஆனா பெல் 2022-ல் நடத்திய நிதானமான பதிப்பு 26. வீட்டுக்கு முன்பணம் சேர எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்குடன் பயிற்சி தொடங்குகிறது. பாதியாகப் பாதியாகத் தேடும் முறை உடனே வருகிறது. கணக்கியல், பொருளியல், பொறியியல் மாணவர்களுக்கு இனிக்கும். மற்றவர்கள் மூன்றாவது விரிவுரையில் நழுவிவிடுவார்கள்.

நான்காவது, பலர் கேள்விப்படாதது: சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி, டேட்டா கார்ப்பென்ட்ரி பயிலரங்குகள். ஆய்வாளர்களுக்காகவே உருவானவை, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நடந்திருக்கின்றன. பொதுவாக இரண்டு நாள். பயிற்றுநர் திரையில் தட்டச்சு செய்யச் செய்ய நீங்களும் உங்கள் லேப்டாப்பில் தட்டுவீர்கள். முடித்துவிட்டால் ஒரு நிறத்தில், சிக்கிக்கொண்டால் இன்னொரு நிறத்தில் ஒட்டுத்தாளை லேப்டாப்பின் மேல் ஒட்ட வேண்டும். கை தூக்கக் கூச்சப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஒரு பாடத்தில் மூட்டுவீக்க நோயாளிகள் 60 பேரின் 40 நாள் அளவீடுகள் கோப்புகளாகத் தரப்படுகின்றன. வரைபடம் போட்டுப் பார்க்கும்போது எண்களில் ஏதோ பொருந்தவில்லை என்பது தெரியவரும். சந்தேகத்துக்குரிய கோப்புகளை நிரலே அடையாளம் காட்டும்படி எழுதச் சொல்கிறார்கள். நர்சிங் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எங்கே கிடைக்கும்? கோப்பு வாசிப்பு முதல் நாளிலேயே வந்துவிடும். ஆனால் இரண்டு நாளில் கற்றது இரண்டு வாரத்தில் மறந்தும் போகும். சொந்தத் தரவு கையில் இல்லாதவர்கள் இதற்குப் போய்ப் பயனில்லை.

கப்பல் பட்டியலை உண்மையிலேயே திறந்தால் இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப் பெயர்களை எழுதியிருப்பார். ஒரே ஊர் பல எழுத்துக்கூட்டல்களில் வரும். இவற்றைச் சேர்க்கச் சரங்களைக் கையாளும் பழக்கம் வேண்டும். பயிலரங்கு அதில் கை வைப்பது குறைவு, செவரன்ஸ் வகுப்பு நன்றாகவே பழக்குகிறது. தமிழில் எழுதப்பட்ட தரவு என்றால் நான்கு வகுப்புகளும் கைவிட்டுவிடும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். மி-யின் மேல்விலங்கையும் ழ்-இன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று எழுத்து என்ற விடை வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தை நிறுவிக்கொள்ளலாம். மாறிகளுக்குத் தமிழிலேயே 'ஜில்லா', 'வயது' என்று பெயர் வைக்கலாம், பைத்தான் 3 மறுக்காது. இதைச் சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை, செய்து காட்ட வேண்டியிருக்கிறது.

செலவும் மின்சாரமும் தனிக் கணக்கு. 2022, 2023-இல் ஆறாம் கட்ட மின்வெட்டு வரை பார்த்த ஊர் இது. இப்போது நிலைமை தேறியிருந்தாலும் மொபைல் டேட்டா மலிவாகிவிடவில்லை. செவரன்ஸின் பாடநூலை இலவசமாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் படிக்கலாம். சிஎஸ்50பி பிரவுசரிலேயே நிரல் எழுத வைக்கிறது; இணைப்பு போனால் வேலை நின்றுவிடும், பைத்தானைச் சொந்த லேப்டாப்பில் நிறுவிக்கொள்வது உத்தமம். சான்றிதழைப் பொறுத்தவரை ஹார்வர்டு குழு தன் சொந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. மிச்சிகன் வகுப்பைக் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் எடுத்தால் மாதச் சந்தா டாலரில். அதே பாடம் செவரன்ஸின் சொந்தத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்போது ரேண்டை மாற்றி அனுப்புவானேன்?

சந்தேகம் தீராதவர்களுக்கு என் தனிப்பட்ட வரிசை: செவரன்ஸின் முதல் பத்து அத்தியாயங்கள், பிறகு சூழலியல் மாணவர்களுக்காக டேட்டா கார்ப்பென்ட்ரி வைத்திருக்கும் இணையப் பாடம். காரணம், செவரன்ஸும் சரி, சிஎஸ்50பி-யின் விரிவுரைகளும் சரி, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தைக் கற்பிப்பதில்லை. அட்டவணைத் தரவுடன் வாழப்போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. டேட்டா கார்ப்பென்ட்ரியின் அந்தப் பாடமோ சீக்கிரமே பாண்டாஸுக்கு வந்துவிடுகிறது.

உங்கள் பல்கலைக்கழகத்திலேயே பிற துறையினருக்கான 16 கிரெடிட் பாடம் இருந்தால் அதையும் விசாரியுங்கள். இந்நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் பத்து மணி நேர உழைப்பு. 160 மணி நேரம் கட்டாயமாக உட்கார வைக்கும் ஏற்பாட்டுக்கு எந்த இணைய வகுப்பும் ஈடாகாது. ஆயிரக்கணக்கான ரேண்ட் கேட்கும் தனியார் பயிற்சி நிலையம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கடைசி வாரத்தில் என் சொந்தக் கோப்பைக் கொண்டுவந்து அதில் வேலை செய்யலாமா? பதில் சொல்லத் தயங்கினால் பணப்பையைத் திறக்க வேண்டாம்.