வைரஸின் பிடியில் பி53: புரோட்டீன் டேட்டா பேங்க் தளம் ஒரு மதிப்பீடு

வைரஸ் புரதம் நம் செல்லின் படியெடுப்புக் காரணியை, அதாவது மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதத்தை, பிடித்துக்கொள்வதைப் பாடநூல்களின் அம்புக்குறிப் படங்களிலேயே பார்த்துச் சலித்தவர்களுக்கு, அந்தப் பிடியை அணு அணுவாகச் சுழற்றிப் பார்க்கத் தரும் இந்த இணையதளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1971இல் 7 மூலக்கூறு வடிவங்களுடன் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய தொகுப்பில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

இதன் அருமையை அறிய 4எக்ஸ்ஆர்8 (4XR8) என்ற ஒரு பதிவே போதும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி-16 வைரஸின் இ6 புரதம் பி53ஐப் பற்றியிருக்கும் நிலையை, 2016இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வின்வழி அது காட்டுகிறது. டிஎன்ஏ பழுதுபட்டால் செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களை முடுக்கிவிடும் காரணிதான் பி53. இ6 தனித்து நின்று அதை வீழ்த்துவதில்லை. இ6ஏபி என்னும் செல்லின் சொந்த நொதியிலுள்ள, லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த சிறு துண்டு ஒன்றைத் தன் பள்ளத்தில் பொருத்திக்கொண்ட பிறகே பி53ஐப் பற்றும் வடிவம் அதற்கு வாய்க்கிறது. இ6 இல்லாதபோது பி53ஐ நாடாத அந்த நொதி, இப்போது அதன்மேல் யூபிகுயிட்டின் என்னும் சிறு அடையாளப் புரதத்தை ஒட்ட, செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியோசோம் பி53ஐச் சிதைத்துவிடுகிறது. செல்லின் கழிவகற்றும் ஏற்பாட்டையே செல்லின் காவலுக்கு எதிராகத் திருப்பும் இந்தத் தந்திரத்தின் முதல் பாதி திரையில் அப்பட்டமாகத் தெரிகிறது.

மறுபாதி தெரியாது. யூபிகுயிட்டினை ஒட்டும் பகுதி, இந்த வடிவத்தைக் கண்டறியப் பயன்பட்ட புரதப் படிகத்தில் இல்லை. இ6ஏபியின் அந்தச் சிறு துண்டு மட்டுமே, மால்டோஸைப் பற்றும் பாக்டீரியப் புரதம் ஒன்றுடன் இணைக்கப்பட்டு இடம்பெற்றிருக்கிறது. ஒவ்வொரு புரதச் சங்கிலிக்கும் ஒரு நிறம் தீட்டும்போது இரண்டும் ஒரே நிறத்தில் தோன்றுவதால், புதியவர் அந்தப் பாக்டீரியப் புரதத்தையே இ6ஏபி என்று எண்ணிவிடுவார். கீழே உள்ள மூலக்கூறுப் பட்டியலில் உண்மை இருக்கிறது என்றாலும், அதுவரை இறங்கிப் படிக்கும் பொறுமை எத்தனை மாணவர்களுக்கு உண்டு? படத்தின் அருகிலேயே ஒரு வரிக் குறிப்பு இருந்திருக்கலாம்.

ஆசிரியர்கள் முதலில் 1டியுபி (1TUP) பதிவைத் திறந்து, டிஎன்ஏவைப் பற்றிய இயல்பான பி53ஐக் காட்டிவிட்டு இதற்கு வருவது நல்லது. மோல்ஸ்டார் காட்சிக் கருவி எதையும் நிறுவாமல் உலாவியிலேயே இயங்குகிறது. ஆனால் கைப்பேசியின் சிறு திரையில் குறிப்பிட்ட அமினோ அமிலத்தைத் தொட்டுத் தேர்வது சிரமம் என்பதால், வகுப்புக்குக் கணினியே ஏற்றது.