சான் ஃபிரான்சிஸ்கோவைச் செய்ய எது சரி? சிம்சிட்டி 4, சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 1, 2

நகரம் கட்டும் கணினி விளையாட்டில் நிஜ ஊர் ஒன்றை மேப்பாகச் செய்ய, கிராஃபிக்ஸை மட்டும் பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால் பாதியிலேயே மாட்டிக்கொள்வோம். நிலத்தின் உயரத்தைச் சாம்பல் நிறப் படமாக (ஹைட்மேப்) ஏற்றுவோம்; அதில் ஒரு பிக்சல் எத்தனை மீட்டர் நிலம்? முதலில் இதைக் கேளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ குறுக்கே சுமார் 11 கி.மீ., மூன்று பக்கமும் தண்ணீர், மிக உயரமான மவுண்ட் டேவிட்சன் சுமார் 283 மீட்டர். இதே ஊரை மூன்றிலும் ஏற்றிப் பார்ப்போம்.

சிம்சிட்டி 4 (2003) பிக்சலுக்கு 16 மீட்டர். பல நகரங்கள் சேர்ந்த நிலப்பரப்பான ரீஜன் எவ்வளவு பெரியது என்பது நம் விருப்பம். நகரங்களின் அமைப்பைச் சொல்லும் 24-பிட் பிஎம்பி படம் ஒன்றில் 1 சிவப்புப் பிக்சல் வைத்தால் சிறிய நகரம். 2×2 பச்சை நடுத்தரம். 4×4 நீலம் பெரியது. இந்தப் படத்தின் ஒரு பக்கப் பிக்சல் எண்ணிக்கையை 64-ஆல் பெருக்கி 1 கூட்டினால் ஹைட்மேப் அளவு கிடைக்கும். 16×16 ரீஜனுக்கு 1025×1025. அந்த ஒற்றைப் பிக்சலை மறந்தால் அளவு பொருந்தாது. ரீஜன் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தி ஹைட்மேப்பை ஏற்றலாம். ஒரு சாம்பல் படிக்கு (கருப்பு 0 முதல் வெள்ளை 255 வரை) 3 மீட்டர், கடல்மட்டம் 250 மீட்டர். ஆகவே 83-ம் அதற்குக் கீழும் தண்ணீர், 84 முதல் கரை, மவுண்ட் டேவிட்சன் உச்சி 178. ஊர் முழுதும் அடங்கும், விரிகுடாவின் எதிர்க்கரையில் ஒரு துண்டும் சேர்த்து. ஆனால் ஒவ்வொரு நகரமும் தனித்தனி. ஒன்றில் மண்ணைத் திருத்தினால் பக்கத்து நகரத்தின் ஓரத்தையும் ஒட்டவைக்க வேண்டும்.

ஸ்கைலைன்ஸ் 1 (2015) கேட்பது 1081×1081, 16-பிட் பிஎன்ஜி. இதுவும் பிக்சலுக்கு 16 மீட்டர்தான், மொத்தம் 17.28 கி.மீ. சதுரம். ஆனால் வாங்கக்கூடிய நிலம் நடுவிலுள்ள 25 டைல் (நிலச் சதுரம்), அதாவது 9.6 கி.மீ. சதுரம், அதிலும் மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல்) போடாமல் 9 டைல்தான் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓரங்கள் வெறும் காட்சியாக நின்றுவிடும். இந்த ஊருக்கு இது பெரிய குறை. சின்னத் தீவு, ஒற்றைப் பள்ளத்தாக்கு என்றால் இதைவிட வசதியான எடிட்டர் இல்லை.

ஸ்கைலைன்ஸ் 2 (2023) 4096×4096 பிக்சலில் 14.336 கி.மீ.; பிக்சலுக்கு 3.5 மீட்டர். ஊர் மொத்தமும் உள்ளே வரும். சுற்றுப்புறத்துக்கு 57.344 கி.மீ. அகலத்தில் இன்னொரு 4096 படம் தனியாக வேண்டும். அதன் நடு 1024×1024 பகுதியும் ஊர் உள்ள முதல் படமும் ஒரே இடத்தை, ஒரே உயர அளவில் காட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் எல்லை நெடுகச் செங்குத்துப் பாறைச் சுவர் எழும்.

மூன்றிலும் பலரைக் கவிழ்ப்பது, உயரத்தை 256 படிகளில் மட்டும் வைக்கும் 8-பிட் சேமிப்பு. மலைச்சரிவு வயல் வரப்பு மாதிரி படிபடியாகத் தெரிந்தால் காரணம் அதுதான். சிம்சிட்டியில் ஒரு படி 3 மீட்டர். ஸ்கைலைன்ஸ் 1-இல் உச்ச உயரம் 1024 என்பதால் 4 மீட்டர். இரண்டாவதில் இயல்பு உயர அளவு 4096, படி 16 மீட்டர்! படத்தை மழுப்பி (ப்ளர் செய்து) திருத்துவதானால் 16-பிட்டுக்கு மாற்றிய பிறகே மழுப்புங்கள். முன்பே மழுப்பினால் படி போகாது.

உயரத் தரவிலும் கவனம் வேண்டும். எஸ்ஆர்டிஎம் தரவு 2000-இல் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது, சுமார் 30 மீட்டருக்கு ஓர் அளவீடு. கட்டடக் கூரையையும் நிலமாக எண்ணிவிடும் என்பதால், டவுன்டவுனில் இல்லாத குன்றுகள் முளைக்கும். அமெரிக்க ஊர்களுக்கு அந்நாட்டுப் புவியியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் வெற்றுநிலத் தரவே (கட்டடமும் மரமும் நீக்கியது) மேல். அதில் 10 மீட்டருக்கு ஓர் அளவீடு கிடைக்கிறது. பொதுவாக நிலத் தரவில் கடல் தட்டையாகவே இருக்கும். ஸ்கைலைன்ஸ் 1-இல் கடல்மட்டம் 40 மீட்டர் என்பதால் நிலத்தை 40 உயர்த்திவிட்டு, கடலடியை 10 மீட்டர் உயர வாக்கில் தனியாகத் தீட்டுங்கள். விட்டுவிட்டால் கோல்டன் கேட் பாலத்தின் கீழ் கணுக்கால் ஆழத் தண்ணீர்கூட நிற்காது.

இந்த ஊருக்கு எங்கள் தேர்வு ஸ்கைலைன்ஸ் 2. பழைய லேப்டாப் என்றால் சிம்சிட்டி 4.