இடிபாடும் எரிமலையும் ஒரே வேன் பயணத்தில்: எல் சால்வடோர் ஒருநாள் சுற்றுலா

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் தலைநகர் சான் சால்வடோரில் நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் சுற்றுலாத் தாள்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே திட்டம்தான். விடியற்காலையில் கிளம்பி சாந்தா ஆனா எரிமலை ஏறுவது, இறங்கி கோவாத்தெபெக்கே ஏரிக்கரையில் சாப்பாடு, அப்புறம் தசுமால் பிரமிடு, கடைசியாக எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த ஹோயா தெ செரென் என்ற பழைய ஊர், இருட்டுவதற்குள் விடுதி. ஆளுக்கு நூறு டாலரை ஒட்டிக் கேட்கிறார்கள். 2001 முதல் இங்கே அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருப்பதால் பணம் மாற்றும் தொல்லை இல்லை.

நானும் என் மனைவியும் அப்படி ஒரு வேனில் போனோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. வேனுக்கு நான்கு நட்சத்திரம் தருவேன், வழிகாட்டிப் பையனுக்கு ஐந்து. அந்தப் பயணத் திட்டத்தைப் போட்டவருக்கு இரண்டுக்கு மேல் தர மனசு வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எரிமலையை காலையில் வைத்தது சரியான முடிவு. சாந்தா ஆனா 2,381 மீட்டர். நாட்டின் எரிமலைகளில் இதுதான் உயரம். மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொண்டால் மேலே போயும் வெள்ளைப் புகைதான் தெரியும். உள்ளூர் வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் ஏற வேண்டும், தனியாக விடமாட்டார்கள். முதல் பாதி மர நிழல், ஈர மண். அதன் பிறகு மரங்கள் நின்றுபோய் கற்றாழைப் புதரும் வெறும் பாறையுமாக மாறிவிடுகிறது. இரண்டு மணி நேர ஏற்றம். என் முழங்காலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. பையன் எனக்காக நின்று நின்று வந்தான், ஒரு முறைகூட கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி அவனை "தம்பி" என்றே கூப்பிட்டாள். அது தன் பெயர் இல்லை என்று அவனும் சொல்லவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே எரிமலையின் வாய்க்குள் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் அமிலக் குளம், அதிலிருந்து எழும் கந்தக நெடி. இந்த மலை கடைசியாகப் பெரிதாக வெடித்தது 2005 அக்டோபர் 1 அன்று. அவ்வளவு உயரத்தில் ஒருவர் பெட்டியில் ஐஸ்கிரீம் சுமந்து வந்து விற்கிறார். அந்தக் குளிரிலும் நன்றாக வியாபாரம் ஆகிறது.

ஆனால் வழியில் தெரிந்த இன்னொரு மலைதான் என்னை அதிகம் பிடித்து வைத்தது. இசால்கோ. ஒரு பச்சை இலை இல்லாத கறுத்த கூம்பு. 1770-இல் தரையைப் பிளந்துகொண்டு வந்தது, வயதில் மற்ற மலைகளுக்கு முன்னால் குழந்தை. ஏறத்தாழ இருநூறு வருடம் ஓயாமல் நெருப்பைக் கக்கியதால், கடலில் போன மாலுமிகள் அதைப் 'பசிபிக்கின் கலங்கரை விளக்கம்' என்றார்கள். இந்த வாணவேடிக்கையை உட்கார்ந்து பார்ப்பதற்காகவே எதிரே செர்ரோ வெர்தே மலையில் அரசு ஒரு ஹோட்டல் கட்டியது. ஹோட்டல் தயாராகிற நேரத்தில் எரிமலை அடங்கிவிட்டது! பையன் இதை ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான். சொல்லி முடித்து, "எங்கள் நாட்டில் அரசாங்க வேலை கொஞ்சம் தாமதமாகும்" என்றான். வேன் முழுக்கச் சிரித்தது.

சாப்பாடு ஏரிக்கரையில். ஏரி அழகு, சமையல் சுமார். கோவாத்தெபெக்கே ஒரு பழைய எரிமலை உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய நீர். அதைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் மீனுக்காகக் காத்திருந்தோம்.

தசுமால் சால்ச்சுவாப்பா ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 24 மீட்டர் உயரப் பிரமிடு, படம் எடுக்க நன்றாக இருக்கும். 1940-களில் இதைத் தோண்டிய ஸ்டான்லி பாக்ஸ், குலையாமல் இருக்கட்டும் என்று மேலே சிமென்ட் பூசிவிட்டார். அந்தக் காலத்து வழக்கம் அது. அதனால் முதலில் பார்க்கும்போது ஏதோ பாதி கட்டி நிறுத்திய தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கிறது. 2004 மழையில் பக்கத்திலிருக்கும் சின்ன அமைப்பின் ஒரு பகுதி சரிந்து, உள்ளே இருந்த பழைய கல்வேலை வெளியே தெரிந்தது. மேலே ஏற அனுமதி இல்லை. அரை மணி நேரம் போதும், தாராளமாக. வெளியே வந்தால் மரவள்ளிக் கிழங்கு விற்கும் கடைகள். வேகவைத்தது ஒரு பக்கம், பொரித்தது ஒரு பக்கம், மேலே புளித்த முட்டைக்கோஸ். இந்த ஊர் அதற்குப் பேர்போனது. அங்கே நிற்கத்தான் எங்களுக்கு நேரம் தரவில்லை.

ஏன் என்றால், ஹோயா தெ செரென் வாசலை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தபோது காவலர் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தார். உள்ளே ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டு வந்தோம். நாட்டிலேயே இருக்கிற ஒரே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், 1993-இல் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு, ஏரிக்கரையில் மீனுக்குக் காத்திருந்த நேரத்தில் பாதிகூட ஒதுக்கவில்லை. இரண்டு நட்சத்திரம் இதற்காகத்தான்.

இரண்டு நாள் கழித்து ஊபர் பிடித்து நாங்களாகவே திரும்பப் போனோம். தலைநகரிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற தூரம்தான். இந்த முறை காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம், மற்றபடி நாங்கள் மட்டும். அரை நாள் இருந்தோம்.

இதைப் பிரசுரங்களில் 'அமெரிக்காவின் பொம்பெய்' என்று போடுகிறார்கள். இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்தப் பொம்பெயில் பணக்காரர்களின் மாளிகை இருக்கிறது, இங்கே இருப்பது குடியானவர்களின் ஊர். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது இன்னும் பெரிதாகப் பட்டிருக்கலாம். இந்தப் பக்கத்தை அந்தக் காலத்தில் ஆண்ட மாயா இன மன்னர்களின் பிரமிடுகள் பல நாடுகளில் நிற்கின்றன. அவர்களுக்குச் சோறு போட்டவன் எப்படி வாழ்ந்தான் என்பதை இவ்வளவு முழுசாக வேறெங்கும் பார்க்க முடியாது.

கி.பி. 600 வாக்கில், ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத லோமா கல்தேரா என்ற சின்ன எரிமலை வாய் திறந்துகொண்டது. மேலே வந்த நெருப்புக் குழம்பு ஆற்று நீரைத் தொட்டதும் நீராவியோடு வெடித்தது. ஈரமும் நைஸுமான சாம்பல் படிப்படியாக விழுந்து வீடுகளைப் பல மீட்டர் ஆழத்தில் பொதிந்துவிட்டது. மண்சுவர், புல்கூரை, கூரைக்குள் இருந்த எலி, கட்டிப் போட்டிருந்த வாத்து எல்லாம் அப்படியே. மனித எலும்பு மட்டும் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள். சாப்பிட்ட கிண்ணங்கள் கழுவப்படவில்லை, படுக்கைப் பாய்கள் விரிக்கப்படவில்லை. அதை வைத்து நேரம் முன்னிரவு என்று கணக்கிட்டார்கள். மாதத்தைக் கண்டுபிடித்தது பயிரை வைத்து. மக்காச்சோளம் முற்றி, கதிர் காய்வதற்காகத் தட்டையை ஒடித்து மடக்கி விட்டிருந்தார்கள், அதனால் ஆகஸ்ட் வாக்கில் இருக்கும் என்றார்கள். அதே மாதிரி ஒடித்து மடக்கி விடுவதை இந்த நாட்டு விவசாயிகள் இன்றைக்கும் செய்கிறார்கள். மழைநீர் கதிருக்குள் இறங்காது, பறவையும் குறைவாகத் தொடும், களத்துக்கு அவசரமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. நல்ல யோசனை.

செடிகள் அழுகிப்போன இடத்தில் சாம்பலுக்குள் வெற்றிடம் இருக்கும். அதில் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டரை ஊற்றி, செடியின் உருவத்தையே திரும்ப எடுத்திருக்கிறார்கள். 2007-இல் அப்படித்தான் ஒரு மரவள்ளித் தோட்டம் வெளியே வந்தது. அறுவடையை முடித்து, குச்சிகளைப் படுக்கை வசமாகப் பாத்தியில் புதைத்து அடுத்த நடவையும் முடித்திருந்தார்கள். எனக்கு அங்கே சால்ச்சுவாப்பா கிழங்குக் கடைகள் ஞாபகம் வந்தன. வேனில் போனவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை.

கண்டுபிடித்த கதையும் எங்கள் துறைக்காரன் கேட்க வேண்டியது. 1976-இல் தானியக் கிடங்கு கட்ட புல்டோசர் வைத்து மண்ணைச் சமன்படுத்தினார்கள். ஓட்டுநர் கண்ணில் ஒரு வீட்டின் தரை பட்டது. பார்க்க வந்த நிபுணருக்கு, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இது பழையதாக இருக்காது என்று தோன்றிவிட்டது. வேலை தொடர்ந்தது, சில கட்டடங்கள் போயே போய்விட்டன. 1978-இல் பேய்ஸன் ஷீட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வந்து கூரைப் புல்லைக் கார்பன் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் வயது தெரிந்தது.

இன்று பார்க்கக் கிடைப்பது தகரக் கூரையின் கீழ் பெரிய குழிகள், அவற்றுக்குள் வீடுகள். கைப்பிடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், இறங்க முடியாது. குழியின் பக்கச் சுவரில் சாம்பல் அடுக்கு அடுக்காகத் தெரிவதைக் கட்டாயம் கவனியுங்கள், ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பு. தூங்குவதற்கு ஒரு குடில், சமையலுக்கு ஒன்று, சாமான் வைக்க ஒன்று என்று ஒரு குடும்பத்துக்கே தனித்தனிக் கட்டடங்கள். குச்சிகளை நட்டு மண் அப்பிய சுவர்கள். நிலநடுக்கம் வந்தால் இந்தச் சுவர் வளைந்து கொடுக்கும், தலையில் விழாது. மண்ணால் குவிமாடம் கட்டிய நீராவிக் குளியல் அறை ஒன்றும் இருக்கிறது. அதன் மாதிரியை வெளியே கட்டி வைத்திருக்கிறார்கள், தவழ்ந்து உள்ளே போகலாம். என் மனைவி போய்விட்டு, "என்னங்க, உள்ளே பேசினா குரல் எப்படிச் சுத்துது பாருங்க" என்றாள். என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, வாசலில் தலையை நீட்டிக் கேட்டேன். உண்மைதான்.

குறைகளும் உண்டு. நிழலில் உட்கார இடம் குறைவு, விளக்கப் பலகைகள் மங்கியிருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் போனால் பாதி விஷயம் புரியாது, வாசலில் கேட்டு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் சில கிலோமீட்டரில் சான் ஆந்த்ரேஸ். இது அந்தக் காலத்து மாயா தலைவர்கள் இருந்த இடம். புல்வெளி நடுவே மேடுகளும் பிரமிடும். ஸ்பானியர் காலத்து அவுரிச் சாயத் தொட்டிகளும் அங்கே இருக்கின்றன. 1658-இல் எல் பிளாயோன் எரிமலை வெடித்தபோது அவையும் சாம்பலுக்குள் போய்விட்டன. இந்த நாட்டில் எதைத் தோண்டினாலும் மேலே ஓர் எரிமலை உட்கார்ந்திருக்கிறது.

அதனால் நான் சொல்வது: எரிமலையையும் இடிபாடுகளையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். எரிமலைக்கு ஒரு நாள், ஏறி இறங்கி ஏரியில் கால் நனைத்துவிட்டு வாருங்கள். ஹோயா தெ செரெனுக்கும் சான் ஆந்த்ரேஸுக்கும் இன்னொரு நாள். தசுமால் நேரம் இருந்தால், கிழங்குக்காகவாவது. மலை ஏற முடியாதவர்களுக்குத் தலைநகரத்தின் மேலேயே எல் போகெரோன் என்ற எரிமலை வாய் இருக்கிறது. கார் ஏறக்குறைய வாய் வரை போகும். 1917 வெடிப்பில் உள்ளே இருந்த ஏரி கொதித்து வற்றி, அடியில் ஒரு குட்டிக் கூம்பு முளைத்திருக்கிறது. சின்ன நடையில் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டுக்குப் புபுசா. மக்காச்சோள மாவிலோ அரிசி மாவிலோ உள்ளே பூரணம் வைத்து, கையால் தட்டி, சுடு கல்லில் போட்டுத் தருவார்கள். சின்னக் கடைகளில் ஒன்று ஒரு டாலருக்குள் முடிந்துவிடும். சைவக்காரர்கள் சீஸும் லொரோக்கோ பூ மொட்டும் சேர்த்ததைக் கேளுங்கள். பீன்ஸ் வேண்டுமென்றால் பன்றிக் கொழுப்பில் வதக்கியதா என்று முதலில் விசாரியுங்கள், பல இடங்களில் அப்படித்தான்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2023 அக்டோபரில் இந்தியாவையும் பல ஆப்பிரிக்க நாடுகளையும் சேர்ந்த பயணிகளுக்கு விமான நிலையக் கட்டணமாக வரியோடு 1,130 டாலர் என்று அறிவித்தார்கள். டிக்கெட் எடுக்கும் முன் விசாவோடு இதையும் விமான நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். தொல்லியல் பூங்காக்களுக்கு திங்கட்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளை ஏரிக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள், மீனுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.