வேலூரிலிருந்து மெல்போர்னுக்குப் பானையும் பறையும்

மெல்போர்னில் எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் பொருள்களை ஊரிலிருந்தே வரவழைப்பது என்று இந்த முறை முடிவானது. கரிகிரி மண்பானை, குடியாத்தம் கைலி, ஒரு குழு முழுக்க அடிக்கப் பறைகள். நான் தீபாவளிக்கு வேலூர் போகிறேன் என்று தெரிந்ததும் வேலை என் தலையில் விழுந்தது. பொங்கல் நமக்காகத் தள்ளிப்போகாது என்பதுதான் இதில் இருந்த ஒரே சிக்கல் என்று அப்போது எல்லோரும் நினைத்தோம்.

முதலில் விசாரித்த கார்கோ ஏஜென்ட் இடத்தில் எல்லாமே சுலபம். "எல்லாம் போகும் சார், பெட்டியைக் கொண்டுவந்து போடுங்க" என்றார்கள். ரேட்டும் வெகு குறைவு. என்ன பொருள், எதில் கட்டியிருக்கிறது, எந்தத் தேதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு கேள்வி இல்லை. மதிப்பைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை மட்டும் இலவசமாகக் கிடைத்தது. குறைத்துப் போட்டால், வழியில் உடைந்தாலும் இன்ஷூரன்ஸில் அந்தக் குறைந்த தொகைதானே வரும்? அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு நண்பர் மூலம் கிடைத்தவர் மேல்விஷாரத்துக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளின் தோலையும் ஷூவையும் வருடக்கணக்காக அனுப்பி வருகிறவர். வெளிநாட்டுக் கடைக்குப் போக வேண்டிய ஷூ சீசனைத் தவறவிட்டால் வாங்குகிறவர் விலையைக் குறைப்பார், இல்லையென்றால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார். அந்த நெருக்கடியிலேயே பழகியவர்கள் இந்தப் பக்கத்து ஏஜென்ட்கள். சங்கத்துப் பானைக்கு இவ்வளவு அனுபவம் தேவையா என்று கேட்டால், தேவைதான்.

பாய் ரேட் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். "பானையை எதுல கட்டுவாங்க?" வைக்கோலில்தான், வேறு எதில்? "அங்கயே நின்னுடும் சார்." ஆஸ்திரேலியாவுக்குப் போகும் சரக்கில் வைக்கோல், உமி எதுவும் அடைப்பாக இருக்கக் கூடாது. பழமோ காய்கறியோ வந்த பழைய அட்டைப்பெட்டியும் கூடாது. கரிகிரியில் நான் பார்த்த பானைகள் ஆப்பிள் பெட்டியில், வைக்கோலுக்குள் இருந்தன. கப்பல் சரக்கோடு பேக்கிங் டிக்ளரேஷன் என்று ஒரு தாள் போக வேண்டும்; வைக்கோல் உண்டா, மரம் உண்டா, மரத்துக்கு என்ன செய்திருக்கிறது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மரப்பெட்டி என்றால் உள்மரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்க வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் அப்படிப்பட்ட பேலட், அதாவது சரக்கை அடுக்கும் மரத்தட்டு, கிடைக்கிறது. புது அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், கீழே முத்திரை குத்திய பேலட் என்று முடிவானது.

பானைகள் வெட்டவெளியில் மண்மேல் அடுக்கி வைத்தவை. அடியில் ஒட்டிய மண்ணும் அங்கே பிரச்சினைதான். கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஐப்பசி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மாடியில் சீமை ஓட்டுக்குக் கீழே பானைகளைப் பரப்பி ஃபேன் போட்டுவிட்டு, அம்மாவின் திட்டையும் வாங்கிக்கொண்டேன்.

பறைக்கு அடுத்த கேள்வி: தோலா, ஃபைபரா? தோல் என்றால் பதப்படுத்தியது பற்றிய கேள்விகள் வரும். ஃபைபர் என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது. மரச்சட்டத்தில் பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, பூச்சித் துளை இருக்கக் கூடாது. சிலம்பக் கம்பு மூங்கில் என்பதால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். சங்கத்தில் ஒருவர் கோலமாவும் சேர்க்கச் சொன்னார். வெள்ளைத் தூளை ஏர் கார்கோவில் அனுப்பி எக்ஸ்ரே முன்னால் விளக்கம் சொல்லும் தெம்பு எனக்கில்லை.

பறை செய்கிறவர் கார்த்திகைக்கு முன்னால் தர முடியாது என்றுவிட்டார். அதனால் சரக்கை இரண்டாகப் பிரித்தோம். பானைகள் நவம்பர் தொடக்கத்தில் எல்.சி.எல். முறையில், அதாவது பலருடைய சரக்கு சேர்ந்த கன்டெய்னரில், கப்பலில். பறையும் கைலியும் டிசம்பரில் விமானத்தில். எல்.சி.எல்.லில் பக்கத்துப் பெட்டிக்காரரின் சரக்கில் சிக்கல் என்றால் நம்முடையதும் சேர்ந்து நிற்கும். அதற்கும் சேர்த்து நாள் விட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றார் பாய்.

அனுப்புகிறவராகக் குடியாத்தத்துக் கைத்தறி ஏற்றுமதியாளர் ஒருவர் முன்வந்தார். பானையையும் பறையையும் அவரே பில் போட்டு வாங்கினார். ஏற்றுமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண், ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்பத் தரும் உறுதிமொழியான எல்.யூ.டி. எல்லாம் அவரிடம் உண்டு. நிம்மதியாக இருந்தேன். பாய் மட்டும், "ஏ.டி. கோடு எந்தப் போர்ட்டுல ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்க?" என்று அவரைக் கேட்டார். வங்கி தரும் அந்த எண்ணை சரக்கு போகும் ஒவ்வொரு இடத்துக்கும் சுங்கத் துறையில் தனித்தனியாகப் பதிய வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குப் பதிந்திருந்தார்; மீனம்பாக்கம் ஏர் கார்கோவுக்குப் பதியவில்லை, இதுவரை அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. இது விமானத்துக்கு முந்தின நாள் தெரிந்திருந்தால் சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதித் தாளான ஷிப்பிங் பில்லே போட முடியாது, பறைகள் கார்கோ வாசலில் கிடந்திருக்கும். வாரக்கணக்கில் முன்னதாகத் தெரிந்ததால் வங்கிக் கடிதம் வாங்கிப் பதிந்தாயிற்று. பாய்க்குக் கொடுத்த சர்வீஸ் சார்ஜ் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கே தகும் என்பது என் கணக்கு.

ஏர் கார்கோவில் பெட்டியின் எடை, பெட்டி அடைக்கும் இடம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்க வேண்டும். பறைப் பெட்டி 80க்கு 40க்கு 60 என்று கட்டியிருந்தார்கள். நிஜ எடை 20 கிலோதான், கணக்கு எடை 32. நடுவில் அடுக்கிய தெர்மாகோலை எடுத்துவிட்டு மெல்லிய ஃபோம் வைத்ததும் உயரம் 45 ஆனது, கணக்கு எடை 24. பெட்டி மாறினால் பேக்கிங் லிஸ்ட்டும் மாற வேண்டும். பழைய அளவோடு போயிருந்த செக்லிஸ்ட்டை, அதாவது ஷிப்பிங் பில்லின் வரைவை, பாயிடம் வேலை செய்கிறவர்தான் இரவு பத்து மணிக்குப் பிடித்தார்.

வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கி.மீ. சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் 200 கி.மீ. வரை ஒரு நாள் செல்லும் என்பதால் அதில் கவலையில்லை. கவலை வாலாஜாவுக்கு அப்பால் வேலை முடியாத ஆறுவழிச் சாலையும், பகலில் லாரிக்குச் சென்னைக்குள் இருக்கும் கட்டுப்பாடும். வண்டி இரவிலேயே கிளம்பியது. விமானத்துக்கு மூன்று நாள் முன்பே சரக்கைக் கொண்டுபோவானேன் என்று கேட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், இரண்டு புயலிலும் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள், மறந்துட்டீங்களா என்றார் பாய். வெளியூர்க்காரனுக்கு அது செய்தி, அவருக்கு அது தேங்கிய ஷூ பெட்டிகள்.

குறையும் உண்டு. பாய் எதையும் எழுத்தில் தருவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். சங்கப் பொருளாளருக்குக் கணக்குக் காட்ட நான் ஒவ்வொன்றையும் கேட்டு எழுத வேண்டியிருந்தது. ஜி.எஸ்.டி. பில் வரவும் பலமுறை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

ரேட் விஷயத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் சொன்ன குறைந்த எல்.சி.எல். கட்டணம் மெல்போர்ன் துறைமுகம் வரைதான். இறங்கியபின் கன்டெய்னரைப் பிரிக்க, டாகுமென்ட் கொடுக்க, கிடங்கில் வைக்க என்று அங்கே தனியாக வசூலிப்பார்கள். சில சமயம் கப்பல் கட்டணத்தைவிட அதுவே அதிகம். பாயின் ரேட்டில் அதுவும் சேர்ந்திருந்தது, அதனால்தான் பார்வைக்குக் கூடுதலாகத் தெரிந்தது. மதிப்பு ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால் இம்போர்ட் டிக்ளரேஷன் செலவும் உண்டு. வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பானைகளை மெல்போர்னில் சோதனைக்கு எடுத்தார்கள். கவிழ்த்து எடுத்த படங்களும் டிக்ளரேஷனும் கையில் இருந்ததால் பெரிதாகத் தாமதிக்காமல் விட்டுவிட்டார்கள். மூன்று பானைக்கு விளிம்பு உடைந்திருந்தது. பறைகள் முழுசாக வந்தன. அடுத்த பொங்கலுக்குக் கரும்பும் அனுப்ப முடியுமா என்று சங்கத்தில் கேட்டார்கள். பாயிடம் கேட்டேன். "அதை குயின்ஸ்லாந்துல வாங்கிக்குங்க சார். பானை வேணும்னா ஆயுத பூஜை முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார்.