பழைய டாடா 407: வாசலிலேயே முடியும் வேலைகள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் காய்கறி ஏற்றிப்போகும் என் டாடா 407, 2004 மாடல். நான்கு சிலிண்டர், 2,956 சி.சி. என்ஜின். டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. சென்சாரும் கணினியும் இல்லை. இந்த ரகம் 1986 முதல் ஓடுவதால் உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்தத் தைரியத்தில்தான் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான வேலைகளை நானே பார்க்கிறேன்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் கிரீஸ் இல்லாமல்தான் வீணாகின்றன. முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கிவிடுங்கள். சக்கரம் தரையில் நின்றால் பாரம் அழுத்தும். அடியில் இருக்கும் பேரிங்குக்குள் கிரீஸ் சரியாக ஏறாது. மேலே வழிவதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது, கறுத்த பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை அடிக்க வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸில் நான்கு முனைகளிலும் கிரீஸ் கசிய வேண்டும். ஒரு முனையில் வராவிட்டால் அது உள்ளே காய்ந்து கிடக்கிறது. சத்தம் வரும்முன் கிராஸை மாற்றிவிடுவது நல்லது. ஷாஃப்ட் சாலையில் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டீசல் பாதையில் கற்றுக்கொண்டதுதான் எனக்கு அதிகம் மிச்சப்படுத்தியது. ஒரு சமயம் காலையில் வண்டி லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்கச் சிக்கலில்லை. பம்ப்பையே மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப்புக்கு வரும் ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தேன், நுண்ணிய வெடிப்பு. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டவில்லை. காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிட, காலையில் பாதை வெறுமையாக இருந்திருக்கிறது. குழாயை மாற்றி, ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்தேன். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கினேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பணிமனை பம்ப்பில் கைவைக்கச் சொன்னாலும், முதலில் இந்தக் குழாயைப் பார்த்துவிடுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும் வண்டிக்கு, டிரம்மில் உரசி நிறுத்தும் லைனிங்தான் உயிர். டிரம்மைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும், ஆகவே குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட முழுவதும் மாற்றுவதே சரி. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புதிதாகக் கட்டினால், அதை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டை முதல் லோடு இறக்கியதும் மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்துவிட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகரும், டயர் கோணலாகத் தேயும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதே கூடாது. ஸ்டாண்டும் சக்கரத்துக்குக் கட்டையும் கட்டாயம்.

டீசல் பம்ப்பின் உட்புறத்தை நான் தொடுவதில்லை. அதற்கு அளவு பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றிக் கொடுப்பதோடு சரி. கியர் பாக்ஸும் அப்படியே.

எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பார்த்துவரும் வண்டிக்குக் கடைசி வாரத்தில் செலவு குவிவதில்லை, பெயின்ட் வேலையைத் தவிர.

கணினி கட்டுப்பாட்டில் உயர் அழுத்த டீசலில் இயங்கும் காமன் ரெயில் என்ஜின் உள்ள புதிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரீஸ், பிரேக், பட்டை வேலைகள் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் பழைய வண்டியில் செய்வதுபோல நாசில் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்காதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். அப்படிப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.