வேலூர் வெயிலுக்குத் தேவதாருவா, துஜாவா? விதையிலிருந்து வளர்க்க நினைப்பவர்களுக்கு

வாசலில் ஊசியிலை மரம் ஒன்று நிற்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது மூன்று பெயர்கள் அடிபட்டன: தேவதாரு, நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரக்கேரியா, அப்புறம் துஜா. நான் துஜா விதையைத்தான் போட்டேன், கன்றுகள் இப்போது இடுப்பு உயரத்தைத் தாண்டிவிட்டன. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அழகு என்று பார்த்தால் தேவதாருவுக்கு ஈடே இல்லை, அதில் பேச ஒன்றுமில்லை. ஊசியிலைச் சாயல் மட்டும் போதும் என்றால் சவுக்கே போதும், ஆனால் வாசலில் சவுக்கு நட எங்கள் அம்மா சம்மதிக்க மாட்டார்.

அரக்கேரியாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதன் விதை மரத்திலிருந்து விழுந்த கொஞ்ச நாளிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும், புது விதை நம் பக்கம் கிடைப்பது அரிது. ஆசை இருந்தால் கன்றாகவே வாங்குங்கள். இதில் குக் பைன் என்ற வகைக்கு ஒரு வினோத குணம் உண்டு: பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்ந்து வளரும். பல நாடுகளில் மரங்களை அளந்து பார்த்து 2017-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. நம்மூரில் என்றால் தெற்கே சாயும், அந்தப் பக்கம் கரண்ட் கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள்.

சரி, தேவதாரு. ஆன்லைனில் விதை கிடைக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள விதை என்பதால் பழசானால் முளைக்காது. ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரமான தென்னைநார்த் தூளோடு ஜிப் கவரில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு முதல் நான்கு வாரம் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வேண்டாம். குளிர்காலம் கடந்துவிட்டது என்று விதையை நம்பவைக்கும் வேலை இது. அப்புறம் மார்கழியில் விதைத்தால் முளைக்கும். சத்துவாச்சாரியில் என் மச்சான் போட்டதும் முளைத்தது, தண்டின் உச்சியில் சுற்றிலும் பச்சை ஊசிகளாக விதையிலைகள் விரிந்து பார்க்கவே ஆசையாக இருந்தது. பங்குனி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

முடிவு செய்வது முளைப்பு இல்லை, முதல் கோடை. மேற்கு இமயமலையில் 1500 மீட்டருக்கு மேல் வளர்கிற மரம் இது, நம்மூர் உயரம் 200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பகலில் 40 டிகிரி வெயிலை நிழல்வலை கட்டிக் குறைத்துவிடலாம், ஆனால் மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று சொலவடை வாங்கிய ஊரில் கத்திரி நேரத்து ராத்திரிப் புழுக்கத்தை எந்த வலை குறைக்கும்? செடி பகலில் சேர்த்த சர்க்கரையை ராத்திரியில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது, ராத்திரி சூடாக இருக்க இருக்கச் செலவு ஏறும், வரவைவிடச் செலவு கூடினால் வளர்ச்சி நின்றுவிடும். கருப்பு நர்சரி பையில் வேறு வைத்தால் வேரும் வேகும். வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் நாற்றழுகல் வந்து தண்டு அடியில் மெலிந்து சாயும், குறைத்தால் ஊசி கருகும். இதற்காகக் கோடை முழுக்க ஊருக்குப் போகாமல் தொட்டி பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். மச்சானின் கன்றுகள் வைகாசியைப் பார்க்கவில்லை.

துஜாவில் இந்தப் பாடு இல்லை. தெருவில் யார் வீட்டிலாவது பெரிய மரம் இருக்கும். கொக்கி கொக்கியாக இருக்கும் நீலப்பச்சைக் காய்கள் பழுப்பாகி வெடிக்கும்போது கேட்டு வாங்கினால் போதும், காசும் இல்லை, விதையும் புதுசு. ஃபிரிட்ஜ் தேவையில்லை. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து கார்த்திகை, மார்கழியில் மேலாக விதைத்தால் சில வாரங்களில் முளைக்கும். முதல் கோடையில் மட்டும் உச்சி வெயிலுக்கு வலையும் சாயங்காலம் தண்ணீரும் கொடுங்கள். தரையில் வேர் பிடித்தபின் வாரம் இரண்டு தடவை நன்றாக நனைத்தால் தாங்குகிறது. காய்ந்த வெயிலில் செஞ்சிலந்தி வந்து இலை தூசி படிந்ததுபோல வெளுக்கும், ஹோஸ் பைப்பால் உள்பக்கம் வரை பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கும். ஐப்பசி மழையில் அடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். கத்தரிக்கும்போது பச்சை இருக்கும் இடத்தோடு நிறுத்துங்கள், வெறும் கட்டை வரை வெட்டினால் அங்கே திரும்பத் துளிர்க்காது.

குறையும் உண்டு. விதைக் கன்றுகள் ஒன்றுபோல ஒன்று வராது, என்னுடையதில் ஒன்று ஒல்லியாக ஓடுகிறது, இன்னொன்று குண்டாக நிற்கிறது. மஞ்சள் நுனியுள்ள குட்டை ரகத்தின் விதையைப் போட்டு அதே செடியை எதிர்பார்க்கவும் முடியாது. வேலி மாதிரி வரிசையாக ஒரே அளவில் வேண்டும் என்பவர்கள் பதியன் கன்று வாங்குவதே மேல். நான் ஊற்றுவது நல்ல தண்ணீர், உப்புப் போர் தண்ணீரில் வளர்த்த அனுபவம் எனக்கில்லை, அப்படிப்பட்ட வீடுகளில் முதலில் ஒரே ஒரு கன்றை வைத்துப் பாருங்கள்.

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இடம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஏலகிரி சுமார் 1000 மீட்டர், ராத்திரி குளிரும். அங்கே எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தால் தேவதாரு விதைதான் வாங்குவேன், ஆனாலும் தொட்டியில் இரண்டு கோடை தாண்டிய கன்றைத்தான் தரையில் இறக்குவேன்.